சிபியுவைக் கடைக்குத் தூக்கி வராமல் இருக்க

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் என் சர்வீஸ் கடை இருக்கிறது. 2003-லிருந்து இதே மாடிதான். கம்ப்யூட்டர் பெட்டிக்கு இங்கே இன்னும் 'சிபியு' என்றுதான் பெயர். டிவிஎஸ் எக்ஸெல்லில் காலுக்கு நடுவே நிறுத்தி, மேலே ஒரு துண்டைப் போர்த்திக் கொண்டுவருவார்கள். கழற்றிப் பார்த்தால் பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடக்கும், ஃபேனில் தூசி அடையாக அப்பியிருக்கும். அதெல்லாம் அரை மணி நேர வேலை. "அண்ணே, வைரஸ் வந்துடுச்சு" என்று வருகிறவர்களிடம் பேசுவதுதான் கஷ்டமான வேலை.

ஏனென்றால், அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். யாரோ ஒரு ஹேக்கர் எங்கோ உட்கார்ந்துகொண்டு இந்த வீட்டைக் குறிவைத்து, பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தான் என்ற கேஸ் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் என் கைக்கு ஒன்றுகூட வந்ததில்லை. வீட்டில் ஒருவர் ஏதோ ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்திருப்பார், அல்லது ஒரு 'அலவ்' பட்டனை அழுத்தியிருப்பார், அல்லது போனில் கேட்டவனுக்கு ஒரு நம்பரைப் படித்துக் காட்டியிருப்பார். அதனால் நான் சொல்லப்போகிற வழிகளில் பெரும்பாலானவை, அந்த ஒரு கிளிக்கைத் தாமதப்படுத்துவதற்கும், அது நடந்தே விட்டாலும் சேதத்தைக் குறைப்பதற்கும்தான்.

2021-ல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். மகள் கல்யாண ஃபோட்டோ, வீடியோ எல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான். ஃபோல்டரைத் திறந்தால் ஒரு படமும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளைக் காகித ஐகான். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு சின்னக் கடிதம்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி மாதிரி.

மகனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்று இலவசமாக வேண்டும் என்று தேடியிருக்கிறான். ஒரு வீடியோ, அதற்குக் கீழே ஒரு லிங்க், அதில் ஒரு ஜிப் ஃபைல். அதைத் திறக்க பாஸ்வேர்டு 1234 என்று அங்கேயே எழுதியிருந்தது. கூடவே, 'இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று ஒரு வரி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப் போட்டிருக்கும் பாஸ்வேர்டால் யாரிடமிருந்து எதைக் காக்க முடியும்? ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டால், டவுன்லோட் ஆகும்போது ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதற்குத்தான் அந்த 1234. உள்ளே இருப்பதை வெளியே எடுத்ததும் ஆன்டிவைரஸ் கத்தும். அதற்குத்தான் 'ஆஃப் செய்யவும்'. திருடன் வருவதற்கு முன்னால், 'நாயைக் கட்டிப் போடுங்கள்' என்று சீட்டு அனுப்புகிறான், நாமும் கட்டிப் போடுகிறோம்.

பையன் இன்ஸ்டால் கொடுத்ததும் 'விண்டோஸ் அப்டேட்' என்று ஒரு பெட்டி வந்து சதவீதம் ஓடியிருக்கிறது. சரி, அப்டேட் ஆகட்டும் என்று சாப்பிடப் போய்விட்டான். அது அப்டேட்டே இல்லை. உள்ளே ஃபைல்கள் பூட்டப்படும்போது டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்குவதை யாரும் சந்தேகப்படாமல் இருக்கக் காட்டிய திரைச்சீலை. இப்படி ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் புரோகிராமை ரான்சம்வேர் என்பார்கள், இதன் பெயர் 'ஸ்டாப் டிஜேவியு'. பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, காசு சாஃப்ட்வேரைக் காசில்லாமல் ஓட வைக்கும் 'கிராக்' தேடுகிற வீட்டுக்காரர்களையே வலைபோட்டுப் பிடித்த கூட்டம் இது. போகிற போக்கில் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் இன்னொரு புரோகிராமையும் உள்ளே இறக்கிவிட்டுப் போகும். பாதுகாப்பு வெப்சைட்டுகள் எதுவும் திறக்காதபடி எந்த வெப்சைட் எந்த முகவரி என்று விண்டோஸ் பார்க்கும் 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலிலும் கை வைத்துவிடும்.

இதற்கு எம்ஸிசாஃப்ட் நிறுவனத்தின் இலவச மீட்புக் கருவி ஒன்று உண்டு. இன்டர்நெட் இல்லாத நேரத்தில் பூட்டியிருந்தால் எல்லோருக்கும் பொதுவான சாவி ஒன்றைப் பயன்படுத்தியிருக்கும், அது கிடைத்தால் திறந்துவிடலாம். ஆசிரியர் வீட்டில் நெட் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கென்று தனிச் சாவி. ஆனால் இது ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டுகிறது, அவசரக்காரன். அதனால் பெரிய வீடியோ ஃபைல்களில் சிலவற்றை, அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து மீட்டேன். தாலி கட்டும் காட்சி வந்தது. ஃபோட்டோக்களில் பெரும்பாலானவை வரவில்லை.

பேக்கப்

ஆகவே முதல் வேலை பேக்கப். எல்லாக் கட்டுரையிலும் இதைக் கடைசியில் போடுவார்கள், படிக்கிறவர்கள் அதற்குள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரு டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். சுமாரான ஒரு பட்டுப்புடவையின் விலைகூட வராது. வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்துகொள்ளுங்கள், என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை, காலை டிபன் முடிந்ததும். டிஸ்க்கைச் செருகி, ஃபோட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் சர்டிஃபிகேட், கணக்கு ஃபைல்கள் ஆகியவற்றைக் காப்பி செய்து, கழற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள். கழற்றுவது முக்கியம். செருகியே வைத்திருக்கும் டிஸ்க்கும் கம்ப்யூட்டரின் ஒரு பகுதிதான், ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்திரியை டிஸ்க் மேல் ஒட்டி, கடைசியாகக் காப்பி செய்த தேதியைப் பேனாவால் எழுதி வைத்தால், எத்தனை வாரம் ஏமாற்றியிருக்கிறோம் என்று தெரியும்.

காப்பி செய்த ஃபைல் திறக்கிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாலைந்தைத் திறந்து பாருங்கள். இரண்டு வருடம் பக்தியாக பேக்கப் எடுத்த ஒருவர் வெறும் ஷார்ட்கட்டுகளை மட்டும் காப்பி செய்துகொண்டிருந்தார்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவை கம்ப்யூட்டரில் நடப்பதை அப்படியே மேலே அனுப்புகிறவை. இங்கே பூட்டப்பட்ட ஃபைல் அங்கேயும் பூட்டப்பட்டதாகவே போய்ச் சேரும். பழைய வெர்ஷனை மீட்க வழி உண்டு, அதற்கு நாள் கெடு உண்டு. பீரோ டிஸ்க்குக்குக் கெடு இல்லை.

விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவை

எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் நான் முதலில் திறப்பது ஒரே இடம்: விண்டோஸ் செக்யூரிட்டி, அதில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', அதற்குள் செட்டிங்ஸ், கீழே கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. ஆன்டிவைரஸ் எந்த ஃபோல்டர்களைப் பார்க்கக் கூடாது என்ற பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். அதில் 'சி டிரைவ்' முழுவதும் இருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாசலில் காவல்காரனை நிறுத்தி, கண்ணைக் கட்டிவிட்டது மாதிரி. யார் போட்டது? பெரும்பாலும் விண்டோஸைக் காசில்லாமல் 'ஆக்டிவேட்' செய்கிற புரோகிராம், அல்லது அதைப் போட்டுக் கொடுத்த என்னைப் போன்ற ஒருவன். ஆமாம், ஆரம்ப காலத்தில் நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "ஒரிஜினல் போட்டா கட்டுப்படியாகாது தம்பி" என்பார்கள், நானும் சரி என்றுவிடுவேன். இப்போது செய்வதில்லை. அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத எது இருந்தாலும் நீக்கிவிட்டு, ஒரு 'ஃபுல் ஸ்கேன்' ஓட விட்டுத் தூங்கப் போங்கள்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? வீட்டுக்கு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபென்டர் கூடவே வருகிறது, அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டாலே போதும். வாங்கித்தான் தீருவேன் என்றால் ஒன்று மட்டும் வாங்குங்கள். இரண்டு போட்டால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிடும்.

அதே வைரஸ் பக்கத்தின் அடியில் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' என்று ஒன்று அணைந்தே கிடக்கும். அதில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பதை ஆன் செய்தால், தெரியாத புரோகிராம் எதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் எழுத முடியாது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். நல்ல புரோகிராம் சிலவற்றையும் தடுக்கும், அவற்றைப் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அப்டேட். முன்னால் 'வீட்டுக் கேஸில் ஒன்றுகூட இல்லை' என்றேன், ஆபீஸ் கேஸ் ஒன்று உண்டு. 2017 மே 12-ல் கிளம்பிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவியது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மாட்டின. வேடிக்கை என்னவென்றால், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் 14-லேயே விட்டிருந்தது. இரண்டு மாதம் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளியவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். இங்கே பக்கத்து ஊர் அலுவலகம் ஒன்றில் ஐந்து கம்ப்யூட்டர்கள் ஒரே மத்தியானத்தில் போயின.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சாதாரண அப்டேட் நின்றுவிட்டது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும் என்று ஒரு நீட்டிப்பு கொடுத்தார்கள். உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்றுக்கொள்ளுமா என்பதை மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' சொல்லிவிடும். இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையதை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட பழைய பெட்டிகளைத் தூக்கிப் போட வேண்டாம். பிரௌசர், யூடியூப், லெட்டர் டைப் செய்வது, இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். என் மாமியார் ஆறு மாதமாக அதில்தான் சீரியல் பார்க்கிறார், விண்டோஸ் இல்லை என்பதை இன்னும் கவனிக்கவில்லை.

பிறகு அக்கவுண்ட். எல்லோர் வீட்டிலும் ஒரே அக்கவுண்ட், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். வீட்டுக்கு வந்த விருந்தாளிக் குழந்தைக்கும் பீரோ சாவி கொடுத்த கதைதான். செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்' போய்ப் புதிதாக ஒன்று உருவாக்கி, அதன் வகையை முதலில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அதற்கு நல்ல பாஸ்வேர்டு வைத்து, ஒருமுறை அதில் நுழைந்து பாருங்கள். அது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு, அதிலிருந்தபடி தினமும் பயன்படுத்தும் அக்கவுண்டை 'ஸ்டாண்டர்டு யூசர்' ஆக மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்து முழிக்காதீர்கள். இனி எதை இன்ஸ்டால் செய்தாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பையன் வந்து உங்களிடம் கேட்க வேண்டும், நீங்கள் "எதுக்குடா?" என்று கேட்பீர்கள். அந்த "எதுக்குடா?"வுக்காகத்தான் இத்தனை பாடு. இது எல்லாவற்றையும் தடுத்துவிடாது. அந்த அக்கவுண்டில் இருக்கும் ஃபோட்டோக்களைப் பூட்ட அட்மின் உரிமை தேவையில்லை. அதனால்தான் பேக்கப்பை முதலில் சொன்னேன்.

ஒரு சின்ன வேலை, பத்து விநாடி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, மறைத்தே காட்டும். 'கரண்ட் பில் பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'கரண்ட் பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம், இஎக்ஸ்இ என்றால் ஓடக்கூடிய புரோகிராம். 2000-ல் உலகைக் கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த மறைந்த வாலை வைத்துத்தான் காதல் கடிதம் மாதிரி வேஷம் போட்டது. இன்றைக்கும் அதே வித்தை ஓடுகிறது. வால் தெரிந்தால் பாதி ஃபைல்களைத் தொடவே மாட்டீர்கள். ஐகானை நம்ப வேண்டாம், அதை எப்படி வேண்டுமானாலும் வரையலாம்.

டவுன்லோட்

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை, தமிழ் ஃபாண்ட். பத்திரிகை அடிக்க, மனு டைப் செய்ய என்று பாமினி ஃபாண்டைத் தேடுவார்கள். வருகிற பக்கத்தில் பச்சை நிறத்தில் மூன்று 'டவுன்லோட்' பட்டன். மூன்றில் இரண்டு விளம்பரம். ஃபாண்ட் என்று வந்து இறங்கியது இஎக்ஸ்இ வாலோடு இருந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள், ஃபாண்ட் ஃபைலின் வால் பெரும்பாலும் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப். யூனிகோடில் டைப் செய்ய என்றால் எதையும் டவுன்லோட் செய்யவே வேண்டாம். விண்டோஸின் மொழி செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99-ம், 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் ஃபொனெடிக் கீபோர்டும் உள்ளேயே இருக்கின்றன.

மற்ற சாஃப்ட்வேர்களுக்கு, தேடலில் முதலில் வருவதைக் கிளிக் செய்யாதீர்கள். மேலே 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் இருந்தால் அது காசு கொடுத்து வந்த இடம். போலிக் கடைக்காரனும் காசு கொடுப்பான். செய்தவர்களின் சொந்தத் தளத்துக்கோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கோ போங்கள். கிராக்குக்குப் பதில் லெட்டர், கணக்குக்கு லிப்ரேஆபீஸ், ஃபோட்டோவுக்கு ஜிம்ப் என்று இலவசமாகவே இருக்கின்றன. கல்யாண ஆல்பம் போடுகிறவர் ஜிம்ப் போதாது என்று சண்டைக்கு வருவார், நியாயம்தான். வீட்டில் பாஸ்போர்ட் சைஸ் படம் வெட்டுகிறவருக்குப் போதும்.

பிரௌசர்

"மூலையில் வந்து வந்து பயமுறுத்துது தம்பி, அஞ்சு வைரஸ் இருக்குன்னு சொல்லுது" என்று ஒரு அம்மா வந்தார். அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்தவும்' என்று கேட்டிருக்கிறது, அழுத்திவிட்டார். அது நோட்டிஃபிகேஷன் அனுப்ப நாமே கொடுத்த அனுமதி. குரோமில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், அனுமதித்த பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்கினால் தீர்ந்தது. கூடவே, தளங்கள் இப்படிக் கேட்பதையே நிறுத்திவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்கு ஃபார்மேட் அடித்து ஐந்நூறு ரூபாய் வாங்கும் ஆட்கள் உண்டு.

இதே 'ரோபோ இல்லை' வேஷத்தில் 2024-லிருந்து வேறொன்று கிளம்பியிருக்கிறது, இது நிஜமாகவே ஆபத்தானது. கட்டத்தை டிக் செய்ததும், 'சரிபார்க்க, விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்' என்று பாடம் நடத்தும். நடப்பது இது: கட்டத்தைத் தொட்டவுடன் அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் கிளிப்போர்டில் காப்பி செய்துவிட்டது. விண்டோஸ் ஆர் அழுத்தினால் கட்டளை கொடுக்கும் பெட்டி திறக்கும், கன்ட்ரோல் வி அதை ஒட்டும், என்டர் அதை ஓட்டும். உங்கள் கையாலேயே மூன்றும் நடந்துவிட்டன. எந்த நேர்மையான தளமும் பிரௌசருக்கு வெளியே போய் எதையும் அழுத்தச் சொல்லாது. சொன்னால் மூடிவிடுங்கள்.

இப்படி நுழைவது பெரும்பாலும் பாஸ்வேர்டு திருடும் புரோகிராம். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மூட்டையாகக் கட்டி அனுப்பும், கூடவே குக்கிகளையும். குக்கி என்பது 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று கையில் குத்திய முத்திரை. அது திருடனிடம் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே போவான். அதனால் பாங்க், மெயில் பாஸ்வேர்டுகளைப் பிரௌசரில் சேமிக்காதீர்கள், வேலை முடிந்ததும் பாங்க் தளத்தில் 'லாக் அவுட்' கொடுங்கள். பிட்வார்டன் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் நல்லது. அது முடியாது என்கிற வயதானவர்கள் டைரியில் எழுதி பீரோவில் வைப்பதை நான் கிண்டல் செய்யமாட்டேன். ரஷ்யாவில் இருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. மெயிலுக்கு மட்டும் வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கட்டாயம் வையுங்கள். மற்ற எல்லா அக்கவுண்டுக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கடிதம் அங்கேதான் வருகிறது.

திரை முழுக்கச் சிவப்பாகி, அலாரம் ஊளையிட்டு, 'மைக்ரோசாஃப்ட் சப்போர்ட், உடனே அழைக்கவும்' என்று நம்பர் வந்தால் அழைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் எந்த எச்சரிக்கையிலும் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் சாவியை அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் ஆல்ட் எஃப்4, அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி அழைத்துவிட்டார். அவன், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்லி, உள்ளே வந்து, 'ஈவென்ட் வியூவர்' என்ற பட்டியலைத் திறந்து சிவப்புச் சிவப்பாகக் காட்டி, "பாத்தீங்களா சார், எவ்வளவு எரர்!" என்றிருக்கிறான். புதுக் கம்ப்யூட்டரிலும் அந்தச் சிவப்பு இருக்கும், விண்டோஸ் தனக்குத்தானே எழுதும் நாட்குறிப்பு அது. பாங்க் தளத்தைத் திறக்கச் சொன்னபோது சாருக்குச் சந்தேகம் வந்து, ரவுட்டரின் சுவிட்சை அணைத்திருக்கிறார். சரியான வேலை.

பென்டிரைவ், ரவுட்டர்

கீழே ஜெராக்ஸ் கடை இருப்பதால் எனக்கு வியாபாரம் குறைவதில்லை. பத்து ஊர் பென்டிரைவ் வந்துபோகும் எந்தக் கடையில் பிரின்ட் எடுத்தாலும், ஒரு நாள் உங்கள் பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி வரும். அதை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும், அதுதான் தந்திரம். ஃபைல்கள் எங்கும் போகவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. உடனே ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள். முதலில் டிஃபென்டரால் பென்டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுத்தால் உண்மையான ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். உங்கள் ஃபைல்களை மட்டும் வேறிடத்துக்கு எடுத்துக்கொண்டு பிறகு ஃபார்மேட். பிரின்ட் எடுப்பதற்கென்றே ஒரு பென்டிரைவ் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வேண்டிய ஃபைலை மட்டும் அதில் போட்டுப் போவது என் வழக்கம்.

ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும், உள்ளே போய் செட்டிங்ஸ் மாற்றும் பாஸ்வேர்டு பல வீடுகளில் இன்னும் 'அட்மின்' என்றே இருக்கிறது. 2016-ல் மிராய் என்ற புரோகிராம், கம்பெனியில் போட்டு அனுப்பும் இப்படிப்பட்ட சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கேமராக்களையும் பிடித்தது. கனெக்ஷன் கொடுக்க வந்த தம்பி இருக்கும்போதே மாற்றச் சொல்லுங்கள், பாஸ்வேர்டு அடிக்காமலேயே வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ்-ஐயும், வெளியிலிருந்து ரவுட்டர் செட்டிங்ஸை மாற்ற விடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்'டையும் அணைக்கச் சொல்லுங்கள்.

நடந்தே விட்டால்

ஃபைல்கள் பூட்டப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நெட் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். காசு கட்ட வேண்டாம், கட்டியும் சாவி வராதவர்கள் உண்டு. ஃபார்மேட் அடிக்காதீர்கள். ரீட்மீ கடிதத்தையும் பூட்டப்பட்ட ஃபைல் இரண்டையும் வைத்திருங்கள். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அவற்றைக் கொடுத்தால், எந்த வகை, இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லிவிடும். இன்றைக்கு இல்லாத சாவி பின்னால் வரலாம் என்பதால், ஆசிரியரின் பூட்டிய ஃபோட்டோக்களை இன்னும் ஒரு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.

பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றாதீர்கள், போனில் மாற்றுங்கள். மெயில் முதலில், அதில் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள், திருடிய குக்கி முத்திரை அப்போதுதான் செல்லாமல் போகும். பணம் போயிருந்தால் பாங்குக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள். பணம் ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே சொன்னால்தான் வழியில் நிறுத்திவைக்க முடியும். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் காலை வரை உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம்.

அதற்கு அப்புறம் சிபியுவைத் தூக்கி வாருங்கள். மானிட்டர் வேண்டாம், பவர் கேபிளும் வேண்டாம், என்னிடம் இருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டிய அந்த டிஸ்க்கை மட்டும் வீட்டிலேயே பீரோவில் விட்டுவிட்டு வாருங்கள். பெட்டியைச் சுத்தம் செய்து முடித்ததும் நானே போன் பண்ணுகிறேன், அப்போது கொண்டுவந்தால் போதும்.